ஊர் உறங்கிய பிறகு வானம் பார்த்த டாக்டர்

1802 மார்ச் 28ஆம் தேதி இரவு. வட ஜெர்மனியின் துறைமுக நகரமான பிரெமனில், தன் வீட்டு மேல் மாடியில் இருந்தபடி ஒரு டாக்டர் கன்னி ராசியின் பக்கம் தொலைநோக்கியைத் திருப்பினார். தொலைந்துபோயிருந்த சீரஸ் என்னும் புதுக் கோளை அந்த ஆண்டு ஜனவரியில் அவர் மறுபடி தேடிப் பிடித்தது அந்த வட்டாரத்தில்தான். அதை விடாமல் பின்தொடர வேண்டும் என்பதற்காகச் சுற்றியிருந்த மங்கலான நட்சத்திரங்களையெல்லாம் பார்த்துப் பார்த்து, எது எங்கே இருக்கிறது என்பது அவருக்கு அத்துப்படி ஆகியிருந்தது. அன்று அங்கே ஒன்று கூடுதலாக இருந்தது. ஏற்கெனவே தெரிந்த இரண்டு நட்சத்திரங்களோடு சேர்ந்து அது ஒரு சமபக்க முக்கோணமாக நின்றது. ஜனவரியில் அந்த முக்கோணம் இல்லை. இதில் அவருக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

ஒளி கூடிக் குறையும் நட்சத்திரமாக இருக்குமோ என்றுதான் முதலில் நினைத்தார். அவசரப்படவில்லை. அதன் இடத்தை அளந்து குறித்துக்கொண்டு காத்திருந்தார். இரண்டு மணி நேரத்தில் அந்தப் புள்ளி நகர்ந்திருந்தது. நட்சத்திரம் அப்படி நகராது. அடுத்த இரண்டு இரவுகளும் அதைத் தொடர்ந்தார். நகர்வு உறுதியானது. சீரஸுக்கு அடுத்து, சூரியக் குடும்பத்தில் மனிதர் கண்ட இரண்டாவது சிறுகோள் அது. பல்லாஸ் என்று பெயர் வைத்தார்கள்.

கண்டவர் ஹைன்ரிக் வில்ஹெல்ம் ஓல்பர்ஸ். அப்போது வயது 43. அவர் எந்த வான்காணகத்திலும் வேலை பார்த்தவர் அல்லர். வானம் பார்த்ததற்காக யாரும் அவருக்குச் சம்பளம் கொடுத்ததில்லை. பகலெல்லாம் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, ஊர் உறங்கிய பிறகு மாடியேறியவர். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரத் தூக்கம் அவருக்குப் போதும் என்று சொல்வார்கள்.

ஐந்தாண்டு கழித்து, 1807 மார்ச் 29ஆம் தேதி, அதே கன்னி ராசியில் இன்னொரு சிறுகோளையும் கண்டார். அதுதான் வெஸ்டா. பூமியில் இருந்து பார்த்தால் சிறுகோள்களிலேயே அதிகம் ஒளிர்வது. அவர் காலத்தில் உலகம் அறிந்த சிறுகோள்கள் மொத்தமே நான்கு. அதில் இரண்டு இந்த டாக்டர் கண்டவை.

இதை அதிர்ஷ்டம் என்று சொல்வது அவருக்குச் செய்யும் அநியாயம். நம் தெருவில் புதிதாக ஓர் ஆள் வந்து நின்றால் நமக்கு உடனே தெரிகிறது. காரணம், நமக்கு அந்தத் தெருவின் எல்லா முகங்களும் தெரியும். வெளியூர்க்காரருக்கு எல்லாமே புதுமுகம்தான். கன்னி ராசியின் அந்தச் சின்னப் பகுதி ஓல்பர்ஸுக்குச் சொந்தத் தெரு. தொலைநோக்கியை விட அந்தப் பரிச்சயம்தான் பல்லாஸைக் காட்டிக்கொடுத்தது.

நோயாளியின் பக்கத்தில் பிறந்த கணக்கு

ஓல்பர்ஸ் பிறந்தது 1758 அக்டோபர் 11, பிரெமனுக்குப் பக்கத்தில் ஆர்பர்கன் என்ற ஊரில். அப்பா பாதிரியார். பையன் மருத்துவம் படிக்கக் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குப் போனான். அங்கேயே கேஸ்ட்னர் என்ற பேராசிரியரிடம் கணிதமும் கற்றான். 1780இல் டாக்டர் பட்டத்துக்கு எழுதிய ஆய்வு கண்ணைப் பற்றியது: தூரத்துப் பொருளையும் கிட்டத்துப் பொருளையும் தெளிவாகப் பார்க்கக் கண்ணுக்குள் என்ன மாற்றம் நடக்கிறது என்ற கேள்வி. பின்னால் வாழ்நாள் முழுக்கக் கண்ணை நம்பியே உழைத்த ஒருவர், தொடக்கத்திலேயே கண்ணின் வேலையை ஆராய்ந்திருக்கிறார்.

மாணவராக இருந்தபோதே ஒரு சம்பவம். 1779இல் உடன் படித்த நண்பர் ஒருவர் நோயில் விழுந்தார். இரவெல்லாம் அவர் பக்கத்தில் கண்விழித்துப் பார்த்துக்கொண்டவர் ஓல்பர்ஸ். அந்த ஆண்டு வானில் ஒரு வால்வெள்ளி வந்திருந்தது. நோயாளி கண்ணயர்ந்த நேரங்களில் அதன் பாதையைக் கணக்கிடப் புது வழி ஒன்றை அவர் யோசித்துக் கண்டுபிடித்தார். வால்வெள்ளியின் பாதையைக் கணக்கிடுவது அன்று கைதேர்ந்த கணித மேதைகளையே நாட்கணக்கில் உட்காரவைத்த வேலை. ஓல்பர்ஸின் முறைக்கு மூன்று இரவுகளின் இடக்குறிப்பும் நேரமும் போதும். அதை வளர்த்து, செம்மைப்படுத்தி, 1797இல்தான் நூலாக வெளியிட்டார். வால்வெள்ளியின் பாதையைக் கணக்கிட எளிதான, வசதியான முறை என்று தலைப்பிலேயே சொன்னார். அடுத்த நூறாண்டுக்கும் மேலாக வானியலாளர்கள் அந்த முறையைத்தான் கையாண்டார்கள்.

பட்டம் பெற்ற பிறகு பிரெமனில் வைத்தியம் தொடங்கினார். நல்ல பெயர். அம்மை குத்தும் முறையை ஆங்கில மருத்துவர் ஜென்னர் அறிமுகப்படுத்தியபோது, அது பிரெமனில் பரவ முன்னின்று பாடுபட்டவர்களில் ஓல்பர்ஸும் ஒருவர். ஆனால் சொந்த வீட்டில் அவர் பட்ட துயரம் கொஞ்சமல்ல. 1786இல் முதல் மனைவி மகளைப் பெற்றெடுத்துவிட்டு இறந்துபோனார். பிறகு அந்த மகளை 1818இலும், இரண்டாம் மனைவியை 1820இலும் இழந்தார். அதன் பின் வைத்தியத்தை விட்டுவிட்டார். தினம் தினம் நோயோடும் சாவோடும் மல்லுக்கட்ட அவர் மனத்தில் தெம்பு இல்லை. வானம் பார்ப்பதை மட்டும் விடவில்லை.

மாடியில் இருந்த கருவிகள்

வீட்டின் மேல்தளம்தான் அவருடைய வான்காணகம். அரண்மனை வான்காணகங்களில் சுவரோடு சேர்த்துக் கட்டிய பெரிய அளவுக் கருவிகள் இருக்கும். அவை எதுவும் ஓல்பர்ஸிடம் இல்லை. லண்டனில் டாலண்ட் செய்த தொலைநோக்கி ஒன்று இருந்தது. அதன் கண்ணாடி விட்டம் நான்கு அங்குலத்துக்கும் குறைவு. இன்று பள்ளி வானியல் மன்றங்களிலேயே அதைவிடப் பெரியது இருக்கிறது.

அப்படியானால் ஒரு புள்ளி சற்றே நகர்ந்ததை எப்படி அளந்தார்? இங்கேதான் அவருடைய கைத்திறன். தொலைநோக்கியின் பார்வைப் பரப்பில் ஒரு மெல்லிய உலோக வளையம் தெரியும்படி பொருத்திக்கொள்வார். வட்ட மைக்ரோமீட்டர் என்பது அதன் பெயர். கருவியை அசைக்காமல் நிறுத்திவிட வேண்டும். பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் தாமாகவே அந்த வளையத்தைக் கடந்து போகும். இடம் துல்லியமாகத் தெரிந்த ஒரு நட்சத்திரம் வளையத்துக்குள் நுழைந்த நொடியையும் வெளியேறிய நொடியையும் குறித்துக்கொள்ள வேண்டும். தேடும் பொருளுக்கும் அதேபோல் இரண்டு நொடிகள். நடுவழியாகக் கடந்தால் வளையத்துக்குள் அதிக நேரம் இருக்கும். ஓரமாகக் கடந்தால் குறைந்த நேரம். இந்த நான்கு நேரக் குறிப்புகளை வைத்தே, இரண்டுக்கும் இடையே கிழக்கு மேற்காக எவ்வளவு, வடக்கு தெற்காக எவ்வளவு என்று கணக்கிட்டுவிடலாம். தேவை ஒரு வளையம், ஒரு கடிகாரம், ஏமாறாத கண், பொறுமை. இருட்டில் கண்ணைத் தொலைநோக்கியில் வைத்துக்கொண்டே, காதால் கடிகாரத்தின் டிக் டிக்கை எண்ண வேண்டும். இந்த முறையில் அன்றைய ஐரோப்பாவில் ஓல்பர்ஸுக்கு நிகரானவர்கள் அரிது.

தொலைந்துபோன கோள்

சிறுகோள் வேட்டை எப்படித் தொடங்கியது என்பதைச் சொல்லாவிட்டால் கதை புரியாது. சூரியனில் இருந்து பூமி இருக்கும் தூரத்தைப் பத்து என்று வைத்துக்கொண்டால், புதன் 4, வெள்ளி 7, பூமி 10, செவ்வாய் 16, வியாழன் 52, சனி 100 என்று ஓர் ஒழுங்கு தெரிந்தது. டிட்டியஸும் போடேவும் சொன்ன கணக்கு இது. 1781இல் வில்லியம் ஹெர்ஷல் கண்ட யுரேனஸும் ஏறக்குறைய இந்த வரிசைக்கு ஒத்துவந்தது. ஆனால் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே, 28 என்ற இடத்தில் எதுவும் இல்லை. அங்கே கண்ணுக்குத் தப்பிய கோள் ஒன்று இருக்க வேண்டும் என்று பலர் நம்பினார்கள்.

1800 செப்டம்பரில், பிரெமனுக்கு அருகில் லிலியன்தால் என்ற ஊரில் ஷ்ரோட்டரின் வான்காணகத்தில் ஆறு பேர் கூடினார்கள். ஓல்பர்ஸ் அதில் ஒருவர். ராசி மண்டலத்தை 24 பகுதிகளாகப் பிரித்து, ஐரோப்பாவின் 24 வானியலாளர்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்துத் தேடச் சொல்வது என்று முடிவானது. வானத்தின் போலீஸ் என்று அந்தக் குழுவுக்குப் பெயர் வந்தது. ஆனால் அழைப்புக் கடிதம் போய்ச் சேருவதற்குள், சிசிலித் தீவின் பலெர்மோவில் பியாஸி என்ற பாதிரியார் 1801 ஜனவரி 1ஆம் தேதி இரவு அந்தப் பொருளைக் கண்டுவிட்டார். நட்சத்திரப் பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்தவர் அவர். பிப்ரவரி 11 வரை அதைப் பின்தொடர்ந்தார். பிறகு உடம்பு முடியவில்லை. அதற்குள் அது சூரியனின் வெளிச்சத்துக்குள் போய் மறைந்தது. மறுபடி வெளியே வரும்போது எங்கே தேடுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

41 நாள் நகர்வை மட்டும் வைத்து முழுப் பாதையையும் கணக்கிட்டுச் சொன்னவர் கார்ல் ஃப்ரீட்ரிக் காஸ் என்ற கணித மேதை. அப்போது அவருக்கு 24 வயது. மற்றவர்கள் சொன்ன இடத்தில் இருந்து வெகுதூரம் தள்ளி ஓர் இடத்தைக் காட்டினார். 1801 டிசம்பர் கடைசியில் வானியலாளர் ஃபான் ஸாக் கோத்தாவிலும், புத்தாண்டுத் தொடக்கத்தில் ஓல்பர்ஸ் பிரெமனிலும் அந்த இடத்தில் தேடினார்கள். சீரஸ் அங்கே இருந்தது.

அந்த நாளில் இருந்து ஓல்பர்ஸுக்கும் காஸுக்கும் தொடங்கிய நட்பு கடைசி வரை நீடித்தது. அவர்கள் எழுதிக்கொண்ட கடிதங்கள் பிற்காலத்தில் பெரிய தொகுப்பாக அச்சாயின. காஸுக்குக் கோட்டிங்கனில் வான்காணகப் பதவி கிடைக்க ஓல்பர்ஸ் பரிந்து பேசினார். நெப்போலியன் படைகள் ஜெர்மனியைப் பிடித்தபோது, காஸ் 2000 பிராங்க் போர்வரி கட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. புதுப் பதவியில் சேர்ந்த மனிதரால் எங்கே கட்ட முடியும்? சொல்லாமல் கொள்ளாமல் ஓல்பர்ஸ் அந்தத் தொகையை அனுப்பிவைத்தார். காஸ் மனம் ஒப்பாமல் திருப்பி அனுப்பினார். அதே கணித மேதை தன் மகளுக்கு வில்ஹெல்மினா என்று பெயர் வைத்தார். ஓல்பர்ஸின் பெயரான வில்ஹெல்மில் இருந்து எடுத்தது அது.

பிழையான கருத்து, சரியான தேடல்

பல்லாஸைக் கண்டது சந்தோஷம்தான். கூடவே ஒரு சிக்கலும் வந்தது. காலியிடம் ஒன்று, கோள்கள் இரண்டு. சூரியனில் இருந்து சீரஸும் பல்லாஸும் ஏறக்குறைய ஒரே சராசரித் தூரத்தில் சுற்றின. அதிலும் பல்லாஸின் பாதை மற்றக் கோள்களின் தளத்தில் இருந்து 34 பாகைக்கும் மேல் சாய்ந்து கிடந்தது. இரண்டுமே சிறியவை. தொலைநோக்கியில் வட்டமாகத் தெரியாமல் புள்ளியாகவே தெரிந்தன. இவற்றைக் கோள் என்று சொல்லக் கூடாது, தனி இனம் என்று ஹெர்ஷல் 1802இலேயே வாதிட்டார்.

ஓல்பர்ஸ் வேறு விதமாக யோசித்தார். ஒரு காலத்தில் அங்கே ஒரே கோள் இருந்து, அது வெடித்தோ மோதியோ சிதறியிருந்தால்? சீரஸும் பல்லாஸும் அதன் துண்டுகளாக இருந்தால்? அப்படியானால் இன்னும் பல துண்டுகள் இருக்க வேண்டும். ஒரே இடத்தில் சிதறிய துண்டுகள் எப்படிச் சுற்றினாலும் சிதறிய இடத்தின் வழியாகத் திரும்ப வந்தாக வேண்டும். சீரஸ், பல்லாஸ் இரண்டின் பாதைத் தளங்களும் வெட்டிக்கொள்ளும் திசைகள் இரண்டு: ஒன்று கன்னியில், மற்றொன்று நேரெதிரே திமிங்கிலம் என்ற விண்மீன் குழுவில். எனவே வானம் முழுவதையும் சலிக்க வேண்டாம். இந்த இரண்டு இடங்களையும் மாதாமாதம் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்றார்.

1804 செப்டம்பர் 1ஆம் தேதி லிலியன்தால் வான்காணகத்தில் ஹார்டிங் என்பவர் ஜூனோ என்ற மூன்றாவது சிறுகோளைக் கண்டார். திமிங்கிலத்துக்கு வெகு அருகில், மீன ராசியில். ஓல்பர்ஸின் நம்பிக்கை கூடியது. அவரோ மாதம் தவறாமல் தன் பகுதிகளைப் பார்த்தபடி இருந்தார். 1805 போனது, 1806 போனது. 1807 மார்ச்சில் கன்னியில் வெஸ்டா கிடைத்தது. அதற்குப் பெயர் வைக்கும் உரிமையைக் காஸுக்குக் கொடுத்தார். அடுப்பங்கரைக்குக் காவலான ரோமானியத் தெய்வத்தின் பெயரைக் காஸ் தேர்ந்தெடுத்தார்.

இன்று நமக்குத் தெரியும், ஓல்பர்ஸின் கருத்து தவறு. சிறுகோள் பட்டையில் உள்ள எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தாலும் நிலாவின் எடையில் சுமார் 3 சதவீதம்தான் வரும். அங்கே வெடிக்க ஒரு கோள் இருந்ததே இல்லை. பக்கத்தில் இருந்த வியாழனின் ஈர்ப்பு, அங்கிருந்த பொருள்கள் திரண்டு ஒரு கோளாக விடவில்லை. அப்படியே ஏதோ ஒன்று வெடித்திருந்தாலும், காலப்போக்கில் வியாழன் எல்லாப் பாதைகளையும் திருப்பிவிட்டிருக்கும். ஒரே இடத்துக்குத் திரும்பி வரும் என்ற எதிர்பார்ப்பு நிற்காது.

தவறான கருத்தால் வெஸ்டா கிடைத்தது என்று பல புத்தகங்கள் சுவையாகச் சொல்லிவிட்டுப் போகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. கருத்து அவருக்கு ஓர் இடத்தைக் காட்டியது, அவ்வளவே. அந்த இடத்தை ஆண்டுக்கணக்கில் மாதாமாதம் பார்த்து, ஒவ்வொரு மங்கல் புள்ளியையும் அறிந்து வைத்திருந்தது அவருடைய உழைப்பு. ராசி மண்டலத்தின் வேறு எந்தப் பகுதியை அதே சிரத்தையோடு பார்த்திருந்தாலும் என்றாவது ஒரு சிறுகோள் அவர் வளையத்துக்குள் வந்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2011 ஜூலை முதல் 2012 செப்டம்பர் வரை நாசாவின் டான் விண்கலம் வெஸ்டாவைச் சுற்றிவந்து படம் எடுத்தது. சுமார் 525 கிலோமீட்டர் விட்டமுள்ள அந்த உலகின் தென்முனையில், ஏறக்குறைய 500 கிலோமீட்டர் அகலத்தில் ஒரு பள்ளம்! ரியாசில்வியா என்று பெயர். எப்போதோ ஏதோ ஒன்று பயங்கரமாக மோதியதில் உண்டானது. அதில் தெறித்த துண்டுகளில் சில பூமிக்கும் வந்து விழுகின்றன. வெஸ்டாவின் மேற்பரப்பு ஒளியும் ஒரு வகை விண்கற்களின் ஒளியும் ஒத்துப்போவதை 1970இல் கண்டறிந்தார்கள். இன்று பூமியில் விழும் விண்கற்களில் நூற்றுக்கு ஆறு அந்த வகையைச் சேர்ந்தவை. 1905இல் ஒடிசாவின் மயூர்பஞ்ச் பகுதியில் போல்காட்டி என்ற இடத்தில் விழுந்த கல்லும் இந்த இனம்தான். 1808 மே 22ஆம் தேதி, ஓல்பர்ஸ் வெஸ்டாவைக் கண்டு 14 மாதம் கூட நிறையாத நிலையில், மொராவியாவில் ஸ்டானன் என்ற ஊரில் கல்மழை பெய்தது. அந்தக் கற்களும் இதே வகை. சிதறிய துண்டுகளை வானத்தில் தேடிக்கொண்டிருந்தவர் உயிரோடு இருக்கும்போதே, அவர் கண்ட சிறுகோளின் இனத்துக் கற்கள் அதே ஐரோப்பாவில் வந்து விழுந்தன. அவருக்கு அது தெரிய வழியே இல்லை.

கணக்குப்பிள்ளையை வானியலாளராக்கியவர்

1804 கோடையில் பிரெமன் தெருவில் இருபது வயது இளைஞன் ஒருவன் ஓல்பர்ஸை வழிமறித்தான். வியாபார நிறுவனம் ஒன்றில் கணக்கு வேலை பழகுபவன். பள்ளிப் படிப்பைப் பதினான்கு வயதில் விட்டவன். ராத்திரியில் உட்கார்ந்து தானாகக் கணிதமும் வானியலும் படித்தவன். 1607இல் வந்த ஹாலி வால்வெள்ளியைப் பற்றிய பழைய குறிப்புகளை எடுத்து, ஓல்பர்ஸின் முறையிலேயே அதன் பாதையைக் கணக்கிட்டிருந்தான். தாள்களைக் கொடுத்து, பார்த்துத் தரலாமா என்று தயங்கிக் கேட்டான்.

ஓல்பர்ஸ் படித்துப் பார்த்தார். பெரிய பேராசிரியர்கள் செய்ய வேண்டிய வேலை என்பது புரிந்தது. பையனைக் கூப்பிட்டுப் பாராட்டி, அந்தக் கட்டுரையை அச்சேற வைத்தார். இரண்டே ஆண்டில், வியாபாரத்தை விட்டுவிட்டு லிலியன்தால் வான்காணகத்தில் வேலைக்குச் சேரவும் வழி செய்தார். அந்த இளைஞன்தான் ஃப்ரீட்ரிக் வில்ஹெல்ம் பெஸ்ஸல்.

ஒரு நட்சத்திரத்துக்கு உள்ள தூரத்தை நம்பத்தகுந்த முறையில் முதன்முதல் அளந்து சொன்னவர் பெஸ்ஸல். அன்னம் விண்மீன் குழுவில் உள்ள 61 என்ற எண் கொண்ட அந்த நட்சத்திரம் பத்து ஒளியாண்டுக்குச் சற்று மேல் தூரத்தில் இருப்பதாக அவர் 1838இல் கணித்தார். அதே ஆண்டு அக்டோபரில் ஓல்பர்ஸுக்கு எண்பது வயது நிறைந்தது. வானியலுக்குத் தான் செய்த மிகப் பெரிய காரியம் பெஸ்ஸலைக் கொண்டுவந்து சேர்த்ததுதான் என்று ஓல்பர்ஸ் சொல்வது வழக்கம். இரண்டு சிறுகோள்களைக் கண்டவர் சொன்னது இது. எனக்கும் அது சரியென்றே படுகிறது. தெருவில் நிறுத்திய ஒரு பையனின் கணக்கை உட்கார்ந்து படிக்க, நாள் முழுக்க நோயாளிகளைப் பார்த்துக் களைத்த டாக்டருக்கு என்ன அவசியம்?

இரவு ஏன் இருட்டாக இருக்கிறது?

கல்லூரியில் இயற்பியல் படித்தவர்களுக்கு ஓல்பர்ஸ் பெயர் வேறு காரணத்தால் தெரிந்திருக்கும். 1823இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று, குழந்தை கேட்பது போன்ற ஒரு கேள்வியை எழுப்பியது. பிரபஞ்சத்துக்கு எல்லை இல்லை, எங்கும் நட்சத்திரங்கள் நிறைந்திருக்கின்றன என்றால், எந்தப் பக்கம் பார்த்தாலும் பார்வை கடைசியில் ஒரு நட்சத்திரத்தில் போய் முட்ட வேண்டும். அப்படியானால் ராத்திரி வானம் முழுவதும் சூரியனைப் போலத் தகிக்க வேண்டும் அல்லவா? இருட்டாக இருக்கிறதே, ஏன்?

ஸ்விட்சர்லாந்தின் செசோ இதையே 1744இல் கேட்டிருந்தார். இருவருமே, நடுவில் உள்ள ஏதோ ஒரு பொருள் ஒளியை உறிஞ்சிவிடுகிறது என்று பதில் சொன்னார்கள். அது நிற்கவில்லை. ஒளியை உறிஞ்சிய பொருளும் சூடேறி ஒளிரத் தொடங்கிவிடும். பிரபஞ்சத்துக்கு வயது உண்டு, மிகத் தொலைவில் உள்ளவற்றின் ஒளி நம்மை வந்தடைய இன்னும் நேரம் போதவில்லை என்பதே இன்றைய விடையின் சாரம். விடை பிசகினாலும் கேள்வி அவர் பெயரோடு நிலைத்துவிட்டது.

வால்வெள்ளியின் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீள்வதற்கு, சூரியனில் இருந்து வரும் மின்விசை போன்ற ஒரு தள்ளுவிசை காரணமாக இருக்கலாம் என்று ஓல்பர்ஸ் 1812இலேயே எழுதினார். 1833இல் நவம்பர் விண்கல் மழை கொட்டிய பிறகு, அதே போன்ற மழை 1867இல் மறுபடி வரும் என்றார். 1866இலும் 1867இலும் வந்தது.

இதற்கு நடுவே நாட்டில் போர். பிரெமனை பிரான்ஸோடு சேர்த்துக்கொண்டபோது, ஊர்ப் பிரதிநிதியாக ஓல்பர்ஸ் பாரிஸுக்குப் போய்வர வேண்டியிருந்தது. 1813 ஏப்ரலில் பிரெஞ்சுப் படை லிலியன்தாலுக்குத் தீ வைத்தது. ஷ்ரோட்டரின் குறிப்புகள் எரிந்து போயின, கருவிகள் சூறையாடப்பட்டன. வானத்தின் போலீஸ் முதன்முதலாகக் கூடிய இடத்தின் கதை அத்தோடு முடிந்தது. பிரெமன் மாடியில் தேடல் தொடர்ந்தது. 1815 மார்ச்சில் ஓல்பர்ஸ் கண்ட வால்வெள்ளி ஒன்றுக்கு அவர் பெயரே நிலைத்தது. ஏறக்குறைய எழுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும் அது 1887, 1956 என்று வந்து, 2024 ஜூனில் சூரியனை நெருங்கிச் சென்றது.

அவருக்குப் பின் வந்தவர்கள்

1840 மார்ச் 2ஆம் தேதி ஓல்பர்ஸ் இறந்தபோது, சிறுகோள்களின் எண்ணிக்கை இன்னும் நான்கிலேயே நின்றது. அவர் சேர்த்து வைத்திருந்த அரிய வானியல் நூல்களை ரஷ்யாவின் புல்கோவோ வான்காணகம் வாங்கிக்கொண்டது. 1850இல் பிரெமன் மக்கள் நகரப் பூங்காவில் அவருக்குப் பளிங்குச் சிலை எழுப்பினார்கள்.

வெஸ்டாவுக்குப் பிறகு 38 ஆண்டுகள் ஒன்றும் கிடைக்கவில்லை. தேடுவதே வீண் என்று பெரிய வான்காணகங்கள் விட்டுவிட்டன. ஐந்தாவதைக் கண்டவர் யார் தெரியுமா? தபால் துறையில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர். இன்று போலந்தில் உள்ள டிரீசன் என்ற சிற்றூர்க்காரரான கார்ல் லுட்விக் ஹென்கே, பதினைந்து ஆண்டு தனியாகத் தேடி, 1845 டிசம்பர் 8ஆம் தேதி அஸ்ட்ரேயாவைக் கண்டார். 1847இல் இன்னொன்று. அதன் பிறகு கதவு திறந்துகொண்டது. பாரிஸில் ஓவியர் ஹெர்மன் கோல்ட்ஷ்மிட் தன் வீட்டு பால்கனியில் இருந்து லுட்டேஷியாவைக் கண்டார். மொத்தம் 14 சிறுகோள்கள் அவர் கணக்கு. 1861இல் சென்னை நுங்கம்பாக்கம் வான்காணகத்தில் நார்மன் போக்சன் கண்டதற்கு ஆசியா என்றே பெயர் சூட்டினார்கள். போக்சன் அரசு வானியலாளர். ஹென்கேயும் கோல்ட்ஷ்மிட்டும் ஓல்பர்ஸ் வழி வந்தவர்கள்.

அந்த வழி இன்றும் அடைபடவில்லை. சிலியில் உள்ள வேரா ரூபின் வான்காணகம் 2025இல் சுமார் பத்து மணி நேரப் பார்வையிலேயே 2104 புதிய சிறுகோள்களைக் காட்டியது உண்மைதான். கண்டுபிடிப்பில் அதோடு போட்டி போட முடியாது. ஆனால் ஒரு சிறுகோள் ஏதாவது நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு கடக்கும் சில நொடிகளைப் பல ஊர்களில் இருந்து பலர் அளந்தால்தான் அதன் உருவமும் அளவும் தெரியவரும். இந்த வேலையை உலகெங்கும் பெரும்பாலும் செய்கிறவர்கள் சம்பளம் வாங்காத ஆர்வலர்கள். 2019இல் சூரியக் குடும்பத்துக்கு வெளியே இருந்து வந்த வால்வெள்ளியை கிரிமியாவில் முதலில் கண்ட போரிசோவும், தானே செய்த தொலைநோக்கியில் பார்த்தவர்தான்.

தொடங்குவதற்கு வெஸ்டாவே நல்லது. சுமார் 17 மாதங்களுக்கு ஒருமுறை அது சூரியனுக்கு நேரெதிரே வரும்போது, சாதாரண பைனாகுலரிலேயே தெரியும். நல்ல இருட்டான இடமாக இருந்தால் வெறுங்கண்ணுக்கும் எட்டலாம். ஸ்டெல்லேரியம் போன்ற இலவச செயலியில் அது இருக்கும் பகுதியைக் கண்டுபிடியுங்கள். நகர விளக்குகளை விட்டு விலகி, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போங்கள். பைனாகுலரில் தெரியும் புள்ளிகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் அப்படியே வரையச் சொல்லுங்கள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் அதே இடத்தை வரையட்டும். ஒரு நாளில் வெஸ்டா முழுநிலாவின் அகலத்தில் ஏறக்குறைய பாதி தூரம் நகரும். மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தப் புள்ளி இடம் மாறியிருக்கிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.